உழைத்துத் தேய்ந்த குதிரைக்கு வைத்தியச் செலவு யார் பொறுப்பு?



"மனிதனுக்கே மருந்து கிடைக்காத நாட்டில் கிழட்டுக் குதிரைக்கு வைத்தியமா?" என்று தலைப்பைப் பார்த்ததும் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் விடிவதற்கு முன்பே போய் நிற்கும் நம் பெண்களின் பாடு நமக்குத் தெரியாததா? ஆனாலும் இந்த மாதம் குதிரையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். உழைக்கும் காலத்தில் பலனைப் பலர் பங்கிட்டுக் கொள்வதும், நோய் வந்த இரவில் செலவை ஒரு ஏழையின் தலையில் கட்டிவிட்டு அத்தனை பேரும் ஒதுங்கிக் கொள்வதும் நமக்கு நன்றாகப் பழகிப்போன அநியாயம். அதே அநியாயம் இங்கே நான்கு காலில் நிற்கிறது.

மும்பை வீதிகளில் தலைமுறை தலைமுறையாக ஓடிய விக்டோரியா வண்டிகளைச் சட்டவிரோதம் என்று 2015 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓராண்டுக்குள் நிறுத்த வேண்டும், வண்டிக்காரர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. வண்டிகள் போயின. ஆனால் கல்யாண ஊர்வலத்துக்கு இன்றும் குதிரை வேண்டியிருக்கிறது. மோட்டார் வண்டிகளை உள்ளே விடாத மாத்தேரான் மலையில் சவாரிக்கும் சுமைக்கும் குதிரை வேண்டியிருக்கிறது. அங்கேயும் 2022 டிசம்பரில் இ-ரிக்‌ஷா சோதனை ஓட்டம் தொடங்கிவிட்டது. நாடு முழுவதும் 2012 கணக்கெடுப்பில் ஆறே கால் லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-இல் மூன்று லட்சத்து நாற்பதாயிரமாகக் குறைந்தன. இப்படித் தேய்ந்து வரும் தொழிலில் புதுக் குதிரைக்குப் பணம் போட யார் துணிவார்? லாயத்தில் நிற்கும் வயதான குதிரையே இன்னும் சில ஆண்டு சோறு போட வேண்டும்.

வயதான குதிரைக்கு வரும் பெரிய ஆபத்து வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகவே வெளியேற வேண்டும். பல் தேய்ந்த குதிரை புல்லைச் சரியாக மெல்லாமல் விழுங்கும். தண்ணீரும் குறைந்தால் அது குடலில் கட்டிக்கொண்டு அடைக்கும். சில கிழக் குதிரைகளுக்கு வயிற்றுக்குள் கொழுப்புக் கட்டி காம்போடு தொங்கி, குடலைக் கயிறு போலச் சுற்றி இறுக்குவதும் உண்டு. குதிரை முன்காலால் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், வேர்க்கும், படுத்துப் புரளும். அப்போது சில மணி நேரமே அவகாசம். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வலிக்கு ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினால் பெரும்பாலான குதிரைகள் பிழைத்துவிடும். குடல் முறுக்கிக்கொண்டால் ஆபரேஷன்தான் வழி. அந்தச் செலவு குதிரைக்காரரின் பல மாத வருமானம். பணமில்லாதவர்கள் வாய் வழியாக எண்ணெயை ஊற்றிப் பார்க்கிறார்கள்; அது நுரையீரலுக்குள் போய்விட்டால் பிழைக்க இருந்த குதிரையும் போய்விடும்.

மும்பையில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. பரேலில் சர் தின்ஷா பெட்டிட் என்ற மில் முதலாளி தம் மனைவி சகர்பாயின் பெயரில் பொருள் உதவ, 1880-களிலேயே விலங்குகளுக்கு ஆஸ்பத்திரி எழுந்தது. 1886-இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கே வந்தது. ஆனால் தொலைவான புறநகரிலோ மாத்தேரான் மலையிலோ நள்ளிரவில் விழுந்த குதிரையைப் பரேலுக்குக் கொண்டுவர லாரி வேண்டும், ஆள் வேண்டும், கையில் ரொக்கம் வேண்டும். அந்த ரொக்கத்தை நள்ளிரவில் தருகிறவர் வட்டிக்காரர் ஒருவர்தான்.

நான் வேலை பார்க்கும் ஸ்டேஷன் பக்கத்தில் கல்யாணக் குதிரை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இப்படித்தான் கடன் வாங்கினார். இருபது வயதைத் தொட்ட பெண் குதிரை. ஊசி மருந்தில் பிழைத்துக்கொண்டது. ஆனால் நான்காம் நாளே ஜரிகைத் துணி போர்த்தி ஊர்வலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். "பாய், இன்னும் நாலு நாள் ஓய்வு கொடுக்கக் கூடாதா?" என்றேன். "குதிரை பொறுத்துக்கொள்ளும் பாபுஜி, தினவட்டிக்காரன் பொறுக்க மாட்டானே" என்றார். இவரைக் கொடுமைக்காரர் என்று போலீசில் ஒப்படைத்தால் யாருக்கு என்ன லாபம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, நோயுற்ற விலங்கை வேலை வாங்குவது குற்றம், காரணமின்றிக் கைவிடுவதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அதே சட்டத்தின் 35-ஆம் பிரிவு, குற்றத்துக்கு ஆளான விலங்கை மாஜிஸ்திரேட் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்றும், செலவை உரிமையாளர் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. கூடவே ஒரு விலக்கும் உண்டு: உரிமையாளரின் ஏழ்மையைக் கருதி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. நல்ல விலக்குதான். ஆனால் குதிரைக்காரர் குற்றவாளியாக நின்ற பிறகுதான் அவருடைய ஏழ்மை சட்டத்தின் கண்ணில் படுகிறது! குதிரை துடிக்கும் இரவிலேயே, குற்றம் நடப்பதற்கு முன்பே அந்தச் சலுகை கிடைக்க வேண்டும் என்று கேட்பது தவறா?

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். கால்நடைக் காப்பீட்டில் உரிமையாளர் கட்ட வேண்டிய பிரீமியப் பங்கை 2024 பிப்ரவரியில் மத்திய அரசு 15 சதவீதமாகக் குறைத்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்தக் காப்பீடு குதிரை செத்தால் பணம் தருவதற்கு ஏற்பட்டது. சாகாமல் காப்பாற்றும் செலவுக்கு அது உதவாது.

நமக்கு ஈ.எஸ்.ஐ. எப்படி நடக்கிறது? தொழிலாளி சம்பளத்தில் முக்கால் சதவீதம் கட்டுகிறார். முதலாளி மூன்றே கால் சதவீதம் கட்டுகிறார். நோய் வருவதற்கு முன்பே பணம் சேர்கிறது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. குதிரைக்கும் குதிரைக்காரருக்கும் வேண்டியது இதே ஏற்பாடு. உத்தரப் பிரதேசத்தில் செங்கல் சூளைகளில் குதிரையும் கழுதையும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் சிறு குழுவாகச் சேர்ந்து மாதம் கொஞ்சம் சேமித்து, தீவனமும் டெட்டனஸ் ஊசியும் கூட்டாக வாங்கியிருக்கிறார்கள். சீட்டுப் பிடித்தே கல்யாணமும் காதுகுத்தும் நடத்தும் நமக்கு இது புரியாத வித்தையா?

ஆனால் ஏழைகளின் சேமிப்பு மட்டும் போதாது. பலன் கண்டவர்கள் எல்லோரும் தங்கள் பங்கை வைக்க வேண்டும். நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஒன்று: ஒவ்வொரு சவாரிக்கும் ஊர்வலத்துக்கும் ஒரு சிறு தொகையை வாடிக்கையாளரும் ஊர்வலக் கான்ட்ராக்டரும் நிதிக்குக் கட்ட வேண்டும். குதிரைக்காரரும் மாதச் சந்தா கட்டட்டும். பணம் பொதுக் கணக்கில் இருக்க வேண்டும்; டாக்டருக்கும் லாரிக்கும் நேராகப் போக வேண்டும்.

இரண்டு: குதிரைப் பந்தயச் சூதுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஜி.எஸ்.டி. வசூலாகிறது. இளமையில் ஓடும் குதிரையால் வரும் அந்த வருமானத்தில் ஒரு துளியாவது முதுமையில் விழும் குதிரைக்குப் போக வேண்டும்.

மூன்று: 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி இரவிலும் வர வேண்டும், குதிரைக்கான குழாயும் மருந்தும் அதில் இருக்க வேண்டும்.

நான்கு: டாக்டர் ஓய்வு சொன்ன நாட்களுக்குக் குதிரைக்காரருக்குப் படி தர வேண்டும். அதை வாங்கிக்கொண்டு குதிரையை ஓட்டினால் நிதியிலிருந்து நீக்கலாம்.

ஐந்து: ஆண்டுக்கொரு முறை பல் பார்த்து அரம் போடும் செலவையும் நிதி ஏற்க வேண்டும். தேறாது என்று டாக்டர் சொன்னால், வலியில்லாமல் உயிரை முடித்து வைக்கும் செலவையும் ஏற்க வேண்டும். எந்தக் குதிரையையும் எப்பாடு பட்டாவது காப்பாற்றியே தீர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பணமில்லை என்பதற்காக நடுரோட்டில் இரண்டு நாள் துடித்துச் சாகக் கூடாது.

முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் தன் குதிரைகளில் பலவற்றை எகிப்தில் விற்றுவிட்டுப் போனது. 1930-இல் கெய்ரோவுக்கு வந்த டோரதி புரூக் என்ற அம்மையார், அவை எலும்பும் தோலுமாக வண்டி இழுப்பதைக் கண்டார். 1931-இல் லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். அவர் ஏழை வண்டிக்காரர்களிடமிருந்து குதிரைகளைப் பிடுங்கவில்லை. விலை கொடுத்து வாங்கினார். 1934-இல் அங்கே ஆஸ்பத்திரியும் கண்டார். வண்டிக்காரரை எதிரியாக நினைக்காமலே குதிரையைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஊரை விட்டு வந்து, கை கால் ஓடும் வரை இந்த நகரத்துக்கு உழைக்கும் நாம் ஓய்ந்த பிறகு யார் பார்ப்பார்கள் என்ற கவலையோடுதான் படுக்கப் போகிறோம். அந்தக் கவலை தெரிந்தவர்களுக்கே இந்த வழக்கைப் பேசும் தகுதி அதிகம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த ஐந்தையும் தீர்மானமாக வையுங்கள். வார்டு கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும்போது தீர்மானத்தின் நகலைக் கையில் கொடுங்கள். கல்யாணத்துக்குக் குதிரை பேசும் வீட்டார், வாடகையோடு நிதிக்கும் ஒரு தொகை வையுங்கள். மற்றவர்கள் வைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நாம் தொடங்குவோம்.