நாய்க்குத்தானே என்று சொல்லாதீர்கள்

போன வாரம் கொல்லையில் நாய்க்கூண்டுக்குத் தரை போட்டோம். கொத்தனார் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன். (பையனுக்கு இப்போது நாற்பது வயது!) "வாட்டம் எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்டேன். "நாய்க்குத்தானே டீச்சர், மட்டமா போட்டுரலாம்" என்றான். அந்தத் "தானே"தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் ஒருகாலத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். முன்பு எங்களிடம் ஒரு சிப்பிப்பாறை இருந்தது. கழுவச் சுலபம் என்று அதற்கு மட்டமாகத் தரை போட்டு, சிமென்ட் பால் ஊற்றி மழமழவென்று இழைத்துவிட்டோம். மூத்திரம் ஓடாமல் மூலையில் தேங்கும். அந்த ஈரத்திலேயே படுக்கும். சதைப்பற்று இல்லாத சாதி நாய் அது. முழங்கை தரையில் உரசி உரசிக் காய்ப்புக் காய்த்து, பிறகு புண்ணாகிவிட்டது. வயதானதும் எழுந்திருக்கப் பார்த்தால் பின்னங்கால் வழுக்கும். கால்நடை டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "முதல்ல தரையை மாத்துங்கம்மா" என்றார். செலவு என்று தள்ளிப்போட்டோம். மாற்றுவதற்குள் அது போய்விட்டது.

அதனால் இந்த முறை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, செங்கல் ஜல்லி பரப்பி, மேலே 4 அங்குலம் கான்கிரீட். கலவை 1:2:4. நீளம் 10 அடி, அதற்கு இரண்டரை அங்குலம் இறக்கம். கடைசியில் சின்ன வாய்க்கால், அங்கிருந்து உறிஞ்சுகுழி. தள்ளுவதற்கு இலகுவாக இருக்கும் என்று கலவையில் இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றப் போனான், தடுத்தேன். கூடுதல் தண்ணீர் வற்றும்போது உள்ளே நுண்ணிய துளைகளை விட்டுவிட்டுப் போகும். மூத்திரம் அதில் இறங்கினால் எத்தனை முறை கழுவினாலும் நாற்றம் போகாது. மேலே இழைக்கவும் விடவில்லை. ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் வாட்டத்தின் போக்கில் கோடு இழுக்கச் சொன்னேன். கால் வழுக்காது, தண்ணீரும் வழியும். சரிவான தரையில் பாத்தி கட்டினால் தண்ணீர் ஒருபக்கம்தான் நிற்கும், ஆகவே ஒரு வாரமாக ஈரச்சாக்கு விரித்து நனைத்து வருகிறேன். அதுவரை நாயை அண்டவிடவில்லை. பச்சை சிமென்டின் காரம் பாதத்தைப் புண்ணாக்கும்.

இவ்வளவு செய்தாலும் அது தரைதான், படுக்கை இல்லை. உள்ளே ஒரு பலகையோ பழைய கயிற்றுக் கட்டிலோ போடுங்கள். மேலே கூரையோ மரநிழலோ இல்லையென்றால், சித்திரை வெயிலில் பகல் இரண்டு மணிக்கு நீங்கள் செருப்பில்லாமல் அதில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நாள் முழுக்கப் பூட்டி வைக்கத்தான் கூண்டு என்றால், நாயே வளர்க்க வேண்டாம் என்பேன்.

இன்று காலை ஒரு வாளி தண்ணீர் கொட்டிப் பார்த்தோம். எல்லாம் வாய்க்காலுக்கு ஓடியது, ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலம் நின்றது. "நாளைக்கு வந்து கொத்திப் பூசிடறேன் டீச்சர்" என்றிருக்கிறான். வராவிட்டால் அவன் வீடு எனக்குத் தெரியும்.