இருபத்தொரு பவுண்டு நோட்டு

இருபத்தொரு ரூபாய்க்கு ஒரே நோட்டாக அச்சடித்தால் எப்படி இருக்கும்? மொய் எழுத சௌகரியம். அதைத் தவிர வேறு பிரயோஜனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இங்கிலாந்தில் ஓர் ஊர்க்காரர்கள் நிஜமாகவே 21 பவுண்டு நோட்டு அடித்தார்கள் ஸார்! கள்ள நோட்டு இல்லை. பகிரங்கமாக, ஊரைக் கூட்டி, படமெல்லாம் போட்டு.

ஊர் பேர் டாட்னெஸ். டெவன் பகுதியில், டார்ட் நதிக்கரையில், மேட்டின் மேல் ஒரு பழைய கோட்டையும் அதிலிருந்து சரிந்து இறங்கும் ஒரே ஒரு பெரிய கடைத்தெருவுமாக இருக்கிற சந்தை ஊர். ஜனத்தொகை சுமார் எட்டாயிரம். கடைத்தெரு எவ்வளவு செங்குத்து என்றால், வருஷா வருஷம் ஆகஸ்ட்டில் மேலேயிருந்து ஆரஞ்சுப் பழத்தை உருட்டிவிட்டு, கிழவர் குழந்தை எல்லாரும் பின்னாலேயே ஓடுகிறார்கள். கேட்டால், பல நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸிஸ் ட்ரேக் என்ற மாலுமி இங்கே ஆரஞ்சைத் தவறவிட்டார் என்று கதை சொல்கிறார்கள்.

நம் விஷயத்துக்கு வருவோம். 2007 மார்ச்சில் இவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பவுண்டு செலவழித்தால் அது சாயங்காலமே ஊரை விட்டு ஓடிவிடுகிறது. ஊருக்குள்ளேயே சுற்றுகிற மாதிரி ஒரு பணம் இருந்தால் என்ன? 1810-ல் இந்த ஊர் பாங்க் ஒன்று வெளியிட்ட நோட்டின் நகலை எடுத்து முதலில் 300 நோட்டு அடித்தார்கள். நிஜ பவுண்டு ஒன்றைக் கொடுத்தால் டாட்னெஸ் பவுண்டு ஒன்று. சட்டப்படி அது பணம் இல்லை, கூப்பன். அதனால் பாங்க் ஆஃப் இங்கிலாந்து கையைப் பிடிக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் வாங்கிக்கொண்டன. 2014-ல் புது வரிசை வந்தது. 1, 5, 10, அப்புறம் அந்த 21! ஒரு நோட்டில் கம்ப்யூட்டருக்குத் தாத்தாவான சார்லஸ் பாபேஜ். மனுஷர் சின்ன வயசில் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

நான் பி.காம். கிரெஷாம் விதியை உருப்போட்டு ஐந்து மார்க் வாங்கியவன். மட்டமான பணம் நல்ல பணத்தைத் துரத்திவிடும் என்பார் எங்கள் புரொபஸர். டாட்னெஸில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது வேறே. காய்கறிக்கடைக்காரர் கல்லாவில் ஊர்ப் பணமாகச் சேருகிறது. சரக்குப் போடுகிற வெளியூர் மொத்த வியாபாரி, 'பாபேஜ் படமெல்லாம் அழகாத்தான் இருக்கு, நிஜப் பணத்தை எடு' என்பார் இல்லையா? கரண்ட் பில்லுக்கும் செல்லாது, வரிக்கும் செல்லாது. போதாததற்கு எல்லோரும் கார்டைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நோட்டையே யாரும் தொடாத காலத்தில் ஊர் நோட்டுக்கு மட்டும் என்ன மவுசு? 2019 ஜூன் கடைசியோடு மூடிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம். சில பாங்க்குகளே அவ்வளவு நாள் தாங்குவதில்லை.

ஆனால் காப்பி விஷயத்தில் ஜெயித்தார்கள்! 2012-ல் கோஸ்டா என்ற காப்பிக் கம்பெனி இங்கே கிளை திறக்க வந்தது. நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல் கிளை வைத்திருக்கிற கம்பெனி. டாட்னெஸில் அப்போதே காப்பி கிடைக்கிற இடம் நாற்பதுக்கும் மேல். எட்டாயிரம் பேருக்கு நாற்பது! இன்னொன்று வந்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நாற்பதும் ஊர்க்காரர்கள் நடத்துகிற கடைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ருசி. ஐயாயிரத்துச் சொச்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆனாலும் ஆகஸ்ட்டில் அனுமதி கிடைத்துவிட்டது. ஏனென்றால் அந்த நாட்டுச் சட்டம், இடத்தில் என்ன நடக்கப்போகிறது என்றுதான் பார்க்கும். நடத்துகிறவன் உள்ளூரா, கம்பெனியா என்று பார்க்காது. காப்பிக்கடை என்றால் காப்பிக்கடை, அவ்வளவுதான். கையில் அனுமதியை வைத்துக்கொண்டே கம்பெனி அக்டோபரில் பின்வாங்கியது. ஊர் இவ்வளவு முறைத்தால் உள்ளே உட்கார்ந்து யார் காப்பி குடிப்பது?

பத்திரிகைகள் இந்தச் சண்டையைக் கொண்டாடின. எனக்கென்னவோ இதைவிடப் பெரிய செய்தி ஸ்டேஷன் பக்கத்தில் நடந்ததுதான் என்று படுகிறது. அங்கே ஒரு பால் தொழிற்சாலை இருந்தது. டெய்ரி க்ரெஸ்ட் கம்பெனியுடையது. 2007-ல், அதாவது ஊர் நோட்டு அச்சடித்த அதே வருஷம், மூடினார்கள். நூற்று ஐம்பது பேருக்கு மேல் வேலை போயிற்று. ஊர் நோட்டு பிரபலமான அளவுக்கு இது பிரபலமாகவில்லை. வேலை போனவன் படத்தை நோட்டில் போடமாட்டார்கள்.

அந்த வளாகத்துக்குள் இன்னொரு பழைய சோகம் நிற்கிறது. 1840-களில் புரூனெல் என்ற மேதை இன்ஜினீயர், புகைவண்டி இன்ஜினே இல்லாமல் காற்றழுத்தத்தால் ரயில் ஓட்டப் போகிறேன் என்று இங்கே ஒரு பம்ப் வீடு கட்டினார். 1848-ல் திட்டமே கைவிடப்பட்டது. பம்ப் ஒரு நாளும் ஓடவில்லை. கட்டடம் மட்டும் நின்றுவிட்டது.

ஊர்க்காரர்கள் இந்த இடத்தை விடவில்லை. கட்டுப்படியாகிற வாடகையில் வீடு, தொழில் நடத்த இடம் என்று தாங்களே ஒரு திட்டம் போட்டார்கள். பழைய ரயிலை ஞாபகப்படுத்தி 'அட்மோஸ்' என்று பெயர். அந்தப் பக்கத்தில் வீட்டு விலை எக்கச்சக்கம். உள்ளூர்ப் பையன் சம்பளத்துக்கு எட்டாது. 2016-ல் ஓட்டெடுப்பே நடத்தினார்கள். ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 86 பேர் சரி என்றார்கள். காப்பிக்குக் கையெழுத்துப் போடுவது சுலபம். இதற்கு வருஷக்கணக்கில் மீட்டிங், வரைபடம், வக்கீல்.

கடைசியில் நிலத்தின் சொந்தக்காரர் வேறு ஒரு கம்பெனிக்கு அதை விற்றுவிட்டார். ஓட்டு இருந்தது. பத்திரம் இல்லை.

இதில் நம் பக்கத்துத் தொடுப்பு ஒன்று உண்டு. ஊருக்குப் பக்கத்தில் டார்ட்டிங்டன் ஹால் என்று ஒரு பண்ணை. 1925-ல் அதை வாங்கியவர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட். அதற்கு முன் வங்காளத்தில் தாகூரோடு சேர்ந்து ஸ்ரீநிகேதனில் கிராம வேலை பார்த்துவிட்டுப் போன ஆசாமி. கிராமத்துப் பிழைப்பு கிராமத்திலேயே கிடைக்க வேண்டும் என்பதுதான் அங்கே அவர் பார்த்த வேலை. இங்கிலாந்துக்குத் திரும்பி டெவனில் அதையே செய்தார். பள்ளிக்கூடம், பட்டறை, தறி, கலைக் கல்லூரி என்று வளர்ந்தது. அந்தக் கல்லூரியும் 2010-ல் அங்கிருந்து வேறு ஊருக்குப் போய்விட்டது.

காப்பிக்கடைகள் இருக்கின்றன. வெள்ளி, சனி சந்தையும் கூடுகிறது. அந்த 21 பவுண்டு நோட்டு ஒன்று எங்கேயாவது கிடைத்தால் சொல்லுங்கள். அடுத்த மாசம் எனக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது.