கையெழுத்துக்கு முன்னால்...

ஒரகடம் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த என் மகன், காபியை ஆற்றிக்கொண்டே, "அம்மா, மூளைச் செல்லை வச்சே கம்ப்யூட்டர் பண்றாங்களாம்!" என்றான். "காலங்கார்த்தாலே கதை அளக்காதேடா" என்றேன். கதையில்லை, சகோதரிகளே!

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து கார்ட்டிக்கல் லேப்ஸ் நிறுவனத்தார், மனித, எலி மூளைச் செல்கள் சுமார் 8 லட்சத்தைத் தட்டில் வளர்த்து, 'பாங்' என்ற பந்து விளையாட்டைப் பழக்கியதாக 2022-ல் வெளியிட்டார்கள். 2025-ல் விற்பனைக்கே ஒரு கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்திவிட்டார்கள். இதற்காக யார் மண்டையையும் திறப்பதில்லை. ஒருவர் தரும் ரத்தத்திலோ தோலிலோ உள்ள செல்லைப் பக்குவப்படுத்தி, மூளைச் செல்லாக மாற்றுகிறார்கள்.

நன்மை இல்லாமலில்லை. நம் மூளை சுமார் 20 வாட் மின்சாரத்தில் இத்தனையும் யோசிக்கிறது. கம்ப்யூட்டரும் அப்படிச் சிக்கனமாகலாம். வலிப்பு மருந்தை முதலில் இந்தச் செல்களிடம் சோதிக்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தை வலிப்பில் துடிப்பதைப் பார்த்த எனக்கு, வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் ஒன்று. என் பெண்ணின் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் நீட்டிய நாலு தாளிலும் படிக்காமலே கையெழுத்துப் போட்டவள் நான். எதற்கென்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாளைக்கு அந்தச் செல்களுக்கு வலி தெரியுமா என்பதை விஞ்ஞானிகள் ஆராயட்டும். ரத்தம் தருகிறவருக்கு, அது என்னவாகப் போகிறது என்று அவர் பாஷையிலேயே சொல்லிச் சம்மதம் கேட்பதுதான் முதல் தர்மம்.

அடுத்த தடவை தாளை நீட்டினால், "இது எதுக்குங்க? மிச்ச ரத்தம் எங்கே போகும்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமென்ன?