மாளிகையும் லாயமும்



ஓசூருக்குத் தெற்கே சில கல் தொலைவில் மத்திகிரி உள்ளது. இன்று அவ்வழியே செல்வோர் கண்ணில் முதலில் படுவன தொழிற்கூடங்களும், வீட்டுமனை விளம்பரப் பலகைகளும், பணி முடிந்து திரும்பும் தொழிலாளரைச் சுமந்து செல்லும் பேருந்துகளுமே ஆகும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை கால்கொண்டது முதல் இவ்வட்டாரத்தின் முகம் மாறத் தொடங்கியது. மத்திகிரிப் பேரூராட்சி ஓசூரோடு இணைந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்தது. 2024இல், ஓசூரில் 2,000 ஏக்கர் பரப்பில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நிலத்தின் விலை இவ்வாறு நாளுக்கு நாள் ஏறுகின்ற ஊரில், மாமரங்கள் சூழ்ந்த பழைய ஓட்டு வீடு ஒன்று இடிபடாமல் நிற்பதே வியப்பிற்குரியது. அதனை ஒருவர் பொருள் செலவழித்துச் செப்பனிடுகிறார் என்றால் அவரைப் பாராட்டவே வேண்டும். பாராட்டிய பின்னர் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டும் என்பதே நம் கருத்து.

கேள்வியைக் கூறுமுன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த ஓசூர்ப் பகுதியின் குளிர்ச்சியில் மயங்கிய வெள்ளையர் இதனைச் ‘சின்ன இங்கிலாந்து’ என்று அழைத்தனர். 1799இல் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீரமரணம் எய்திய பின்னர், இப்பகுதி கும்பினியாரின் கைக்கு வந்தது. அதன் பின் 25 ஆண்டுகள் கழித்து, 1824இல், படைக்குக் குதிரைகளை வளர்த்துத் தரும் பண்ணை ஒன்றை மத்திகிரியில் அவர்கள் நிறுவினர். ஏறத்தாழ 1,600 ஏக்கர் பரப்புடைய அப்பண்ணை பிற்காலத்தில் அரசின் கால்நடைப் பண்ணையாயிற்று. மாடு, ஆடு, கோழி இவற்றோடு கத்தியவார் இனக் குதிரைகளும் அங்கு வளர்க்கப்பட்டன. பண்ணையைச் சார்ந்தும், தட்பவெப்பத்தை விரும்பியும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் இச்சுற்று வட்டாரத்தில் குடியேறினர். அவர்கள் வாழ்ந்த பண்ணை வீடுகளே இன்று ‘பாரம்பரிய இல்லம்’ என்ற பெயரில் மதிப்புப் பெறுகின்றன.

குதிரைக்கு எதற்காக இத்தனை பெரிய நிலம் என்று மாணவர் வினவலாம். தென்னாட்டில் நல்ல குதிரைக்கு எக்காலத்தும் பஞ்சமே. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் அரபு நாட்டுக் குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், அவற்றைப் பேணத் தெரியாமையால் பல மாண்டு போனதையும் 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்துள்ளார். குதிரையைக் கொண்டுவந்தோரும், பழக்கியோரும், பேணியோரும் பெரும்பாலும் அரபியரும் முஸ்லிம்களுமாக இருந்தமையால், அத்தொழிலின் சொற்கள் பலவும் அவர்கள் வழியே தமிழுக்கு வந்தன. லகான் பாரசீகம், சவாரியும் பாரசீகம், குதிரைக்காரரைக் குறிக்கும் சயீஸ் அரபு. தமிழ்த் துறையினராகிய நாம் இச்சொற்களைப் ‘பிறமொழிக் கலப்பு’ என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. ஆயின் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு மனிதன் நின்றிருக்கிறான் என்பதை மறந்துவிடலாகாது.

இனி வீட்டிற்கு வருவோம். அக்காலத்துப் பண்ணை வீடு என்பது ஒரு தனிக் கட்டடமன்று. நடுவே தாழ்வாரம் சூழ்ந்த பங்களா, புகையும் தீயும் அண்டாதிருக்கப் பின்புறம் சற்றுத் தள்ளிச் சமையற்கட்டு, ஒரு பக்கம் லாயம், கிணறு, பழத்தோட்டம், வேலியோரத்தில் பணியாளர் வசித்த சிற்றறைகளின் வரிசை. இவை அனைத்தும் சேர்ந்ததே வீடு. லாயத்தில் சயீஸ், சமையற்கட்டில் பட்லர், தோற்பையில் நீர் சுமந்த பிஸ்தி, குழந்தையை ஏந்திய ஆயா, தோட்டக்காரர், காவற்காரர் என ஒரு துரையின் குடும்பம் வாழப் பத்துக் குடும்பங்கள் உழைத்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் அந்த முற்றத்தில் ஒன்றாக ஒலித்தன. எல்லைப்புறமாகிய இம்மண்ணில் இன்றும் ஒரே தெருவில் இந்நான்கு மொழிகளையும் கேட்கலாம்.

செப்பனிடுதல் என்று தொடங்கும்போது எது நிகழ்கிறது? பங்களா மீட்கப்படுகிறது. லாயம் ஊர்தி நிறுத்துமிடமாகிறது. பணியாளர் அறைகள் இடிக்கப்படுகின்றன. அல்லது தளவாட அறையாகின்றன. வாயிலில் துரையின் பெயர் பொறித்த பலகை ஒன்று ஏறுகிறது. ஐயா, உங்கள் சயீஸ் எங்கே குடியிருந்தார் என்பதே நாம் கேட்க விழையும் கேள்வி.

இக்கேள்வியைப் பகைமையால் கேட்கவில்லை. செப்பனிடுவதன் அருமை நமக்குத் தெரியாததன்று. பழைய சுவர் சுண்ணாம்புக் காரையால் ஆனது. அது மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி வெயிற்காலத்தில் வெளியிடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துச் சுவரை அரிக்கும். பளபளப்பாகப் புதுப்பிக்கப்பட்ட பல வீடுகள் சில ஆண்டுகளில் தோலுரிந்து நிற்பதற்கு இதுவே காரணம். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செருகி, அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் பரப்பிக் கட்டையால் நாட்கணக்கில் இடித்து இறுக்கும் மெட்ராஸ் தளத்தை இன்று அறிந்த கொத்தனார் சிலரே. சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் வெல்ல நீரும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது எழுத்தில் இருந்ததைவிடக் கைப்பழக்கத்திலேயே மிகுதியும் இருந்தது. செங்கற்பொடிக்கு அவர்கள் வழங்கிய ‘சுர்க்கி’ என்ற பெயரும், சிவப்பு என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லின் வழி வந்ததே. ஆக, துரையின் மாளிகை என்று நாம் அழைப்பதன் அறிவு முழுவதும் நம்மவர் கையில் இருந்தது. துரை பணம் தந்தார். அதுவும் இந்நாட்டு வரிப்பணமே!

‘அடிமைக் காலத்துச் சின்னங்களைக் காப்பானேன்? இடிந்து போகட்டும்’ என்று பெரியோர் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். அவர்தம் உணர்ச்சி மதிக்கத்தக்கது. திப்புவை வீழ்த்தியவர்களின் படைக்குக் குதிரை வளர்த்த மண் இது என்பதை நாமும் மறக்கவில்லை. எனினும் இடித்துவிட்டால் யார் மறக்கப்படுகிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். துரையின் பெயர் ஆவணங்களிலும் கல்லறைக் கல்லிலும் இருக்கிறது. சயீஸின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை; அவர் கட்டிய முளைக்கம்பும் அவர் தேய்த்த தொட்டியும் மட்டுமே அவருக்குச் சான்று.

இடிந்ததன் விளைவை ஓசூரிலேயே காணலாம். சேலம் ஆட்சியராக இருந்த பிரெட் என்பார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையை ஒப்ப ஒரு மாளிகையை இங்கு எழுப்பினார். மணப்பெண்ணின் மனத்தை நிறைவிக்கக் கட்டினார் என்பது ஊர்வழக்கு. அம்மாளிகை சிதைந்தது; எஞ்சியது கதை மட்டுமே. அக்கதையிலும் துரையும் துரைசானியும் உளர். கல் சுமந்தவர் ஒருவரும் இலர். எல்லைக்கு அப்பால் ஒயிட்ஃபீல்டில், மைசூர் மன்னர் அளித்த நிலத்தில் 1882இல் ஆங்கிலோ இந்தியர் அமைத்த குடியிருப்பும் இவ்வாறே ஆயிற்று. தோட்டத்தோடு கூடிய வீடுகள் வட்டமாகச் சூழ்ந்திருந்த அவ்வூர், கணினி நிறுவனங்களின் வரவால் பெரும்பாலும் மறைந்தது. மத்திகிரிக்கும் ஒயிட்ஃபீல்டிற்கும் இடையே உள்ள தொலைவு அதிகமன்று.

வேறொரு வழியும் உண்டு என்பதற்குத் தரங்கம்பாடி சான்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அங்கு நடந்த சீரமைப்பில் டேனிஷ் ஆளுநர் மாளிகை மட்டும் செப்பனிடப்படவில்லை. கோல்டுஸ்மித் தெருவில் சாதாரணத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த திண்ணை வீடுகளும் பழைய முறையிலேயே மீட்கப்பட்டன. ஆண்டவர் வீட்டையும் வாழ்ந்தவர் வீட்டையும் ஒரே ஊரில் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் வரலாறு முழுமையாகப் புலப்படுகிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், 1878இல் மூதறிஞர் இராசாசி பிறந்த எளிய வீடும் நினைவில்லமாகக் காக்கப்பட்டு வருகிறது. அங்குச் செல்லும் மாணவர்கள் வாயிலின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். குனியாமல் நுழையும் மாளிகையே பாரம்பரியம் என்னும் மயக்கம் நீங்கும்.

சட்டம் காக்கும் என்று நம்பியிருப்பதில் பயனில்லை. தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வரவே பல்லாண்டுகள் சென்றன. நூறாண்டு கடந்த வீடு என்பதால் மட்டும் அது தானாகக் காக்கப்பட்டதாகிவிடாது. உரிமையாளரின் மனமே காவல்.

ஆகவே உரிமையாளர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. லாயத்தை லாயமாக விடுங்கள். பணியாளர் வரிசையில் ஓர் அறையையேனும் நிறுத்துங்கள். பலகையில் துரையின் பெயருக்குக் கீழே சிறிது இடம் விடுங்கள். அந்த இடத்தை நிரப்பும் பொறுப்பு நம் சமுதாயப் பெரியோர்களைச் சார்ந்தது. மத்திகிரியிலும் தேன்கனிக்கோட்டையிலும் ஓசூரிலும் எழுபது எண்பது வயதைக் கடந்தோர், தம் பாட்டனார் எந்தப் பங்களாவில், எந்தத் துரையிடம், என்ன வேலை பார்த்தார் என்பதை இன்னும் நினைவில் வைத்திருக்கின்றனர். வரும் விடுமுறையில் மாணவர்கள் குறிப்பேட்டோடு அவர்கள் இல்லம் செல்லட்டும். முதலில் கேட்க வேண்டியது பெயர். அடுத்து, அவர் குதிரையை எப்படி அழைப்பார் என்பது.