சந்தைத் திடல் காலியிடம் அன்று

மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமூகத்துக்கு,

எங்கள் ஊராட்சியின் வாரச்சந்தைத் திடலை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, ஊரின் நட்டநடுவே பேரங்காடி ஒன்றைக் கட்டுவதற்கு ஒரு பெரிய வியாபார ஸ்தாபனம் விண்ணப்பித்திருப்பதாகவும், அது தங்கள் பரிசீலனையில் இருப்பதாகவும் அறிந்து, அதற்கு அனுமதி அளிக்கலாகாது என்று பிரார்த்தித்து இம்மடலை எழுதுகிறேன். தனி மனுவாகத் தபாலில் சேர்க்காமல் பகிரங்கமாக எழுதுவதற்குக் காரணம், இதே சங்கடம் நாளைக்கு வேறு ஊர்களுக்கும் நேரக்கூடும் என்பதுதான். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர் தாங்களே ஆகையால், இம்முறையீடு வந்து சேரவேண்டிய இடமும் தங்கள் சமூகமே.

விண்ணப்பத்தோடு இணைத்த வரைபடத்தில் எங்கள் திடல் 'காலியிடம்' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அளக்க வந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று வந்தார்கள்; சந்தை கூடுவதோ செவ்வாய்க்கிழமை. அவர்கள் கண்டது புளியமரங்களையும், அவற்றின் நிழலில் படுத்திருந்த நாய்களையும், பந்தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளையும்தான். முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தை எட்டிப் பார்த்துவிட்டு, 'இக்கட்டடத்தால் ஒருவருக்கும் உபயோகமில்லை' என்று எழுதி வைப்பதற்கு ஒப்பான காரியம் அது. இவ்விவகாரத்தின் மூலமுடிச்சே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் வாரத்தில் ஆறு நாள் ஒன்றும் நடவாமல் வெறுமனே கிடப்பதனால்தான் அந்த நிலம் ஏழாம் நாள் யாவருக்கும் உரியதாகிறது.

செவ்வாய்க்கிழமையன்று பொழுது புலருமுன்பே ஆடுகள் வந்து சேர்ந்துவிடும். வாங்குகிறவரும் தரகரும் ஒரு துண்டின் மறைவில் கையைக் கோத்துக்கொண்டு, விரல்களைப் பிடித்தும் விட்டும் விலை பேசுவார்கள்; சுற்றி நிற்பவர்களுக்கு அந்த விலை தெரியாது, பேரம் முறிந்தாலும் எவருக்கும் மானக்குறைவு இல்லை. வெயில் ஏறக் காய்கறி வியாபாரம் சூடுபிடிக்கும். கிழக்கோரத்துப் புளியமரத்தடியில் சாக்கை விரித்து உட்காருகிற மூதாட்டி ஒருத்தி, தன் கொல்லையில் காய்த்த கத்திரிக்காயைத் தராசு இல்லாமலே கூறு கட்டி வைக்கிறாள். ஒவ்வொரு கூறிலும் ஒரு சொத்தைக்காய் இருக்கலாம், இரண்டாவது இருக்கக் கூடாது என்பது அவள் காத்துவரும் தர்மம். வாங்கினவருக்கு ஒரு பிடி கறிவேப்பிலை கொசுறாகக் கிடைக்கும். பொழுது சாயச் சாயக் கூறின் விலையும் இறங்கும். வயலில் கூலி வாங்கிக்கொண்டு திரும்பும் பெண்கள் அந்த நேரம் பார்த்தே வருவார்கள். மிஞ்சிய சரக்கைத் திரும்பச் சுமந்து போக மனமில்லாத விற்பனைக்காரிக்கும், கையில் சொற்பக் காசே உள்ள கூலிக்காரிக்கும் இடையே அந்த அந்திவேளை செய்துவைக்கிற சமரசத்தைக் குளிரூட்டிய பெட்டிக்குள் அடுக்கிய காய்கறியிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. அந்தக் காய்கறிக்கு அந்தி என்பதே கிடையாது.

சந்தைக்கு வருகிறவர்களை நம்பித்தான் எங்கள் கடைத்தெருவும் ஜீவித்திருக்கிறது. கத்திரிக்காய் விற்ற காசு அன்றைக்கே எண்ணெய்க்கும் புளிக்கும் பேரப்பிள்ளையின் நோட்டுப்புத்தகத்துக்குமாகத் தெருக்கோடி தாண்டுமுன் கைமாறிவிடுகிறது. மளிகைக்காரர் சிட்டையில் பேர் எழுதி அரிசி வாங்கிப்போய், அறுப்பு முடிந்து கணக்குத் தீர்ப்பவர்கள் இங்கே ஏராளம். பேரங்காடியில் பில் போடுகிற பெண்ணிடம் 'அறுப்புக்குத் தருகிறேன்' என்று ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும்!

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையென்று நான் வாதிக்கவில்லை. சந்தையில் மழைக்காலத்துச் சேறு கணுக்கால் வரை ஏறுகிறது. பெண்கள் ஒதுங்க ஒரு கழிப்பிடம் கிடையாது. எடைக்கற்கள் எல்லாம் சத்தியசந்தமானவை என்று நான் பிரமாணம் செய்யத் தயாராக இல்லை. பேரங்காடியிலோ தரை பளிச்சென்றிருக்கும், விலை அச்சிட்டிருக்கும், நம் பிள்ளைகள் சிலருக்கு வேலையும் கிடைக்கும். (அவ்வேலை எத்தகையது என்பதை ஒன்றைக்கொண்டே ஊகிக்கலாம்: கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே உழைப்போருக்கு உட்கார ஆசனம் அளிக்கவேண்டும் என்று 2021இல் நமது சட்டசபை தனியாக ஒரு சட்டத்திருத்தம் நிறைவேற்றவேண்டியிருந்தது.) வருஷந்தோறும் விடும் சந்தை ஏலத்தில் கிடைப்பதைவிடக் குத்தகைப் பணம் அதிகம் என்பதும் காகிதத்தில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சேற்றுக்குப் பரிகாரம் தளம் போடுவது. கழிப்பிடம் இல்லாமைக்குப் பரிகாரம் கழிப்பிடம் கட்டுவது. எடைக்கல்லுக்குப் பரிகாரம் முத்திரை ஆய்வாளர் வந்து பார்ப்பது. சந்தையையே எடுத்துவிடுவது இவற்றில் எதற்கும் பரிகாரமாகாது.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. தெரு வியாபாரிகளின் ஜீவனோபாயத்தைக் காக்கவென்று 2014ஆம் ஆண்டில் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், விற்போரும் வாங்குவோரும் பரம்பரையாகக் கூடிவருகிற சந்தைகளுக்குத் தனி அந்தஸ்து வழங்குகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகள் என்று அறிவித்து, அங்குள்ளவர்களை இடம்பெயர்க்கலாகாது என்றும் சொல்லுகிறது. ஆனால் அச்சட்டம் நகரங்களுக்கு மாத்திரமே உரியது. எங்கள் ஊர் ஒரு நகராட்சியாக இருந்திருந்தால் அந்த மூதாட்டிக்குச் சட்டத்தின் துணை இருந்திருக்கும். கிராமமாக இருப்பதால் அவளுக்குத் தங்கள் தயவு ஒன்றே துணை. கிராமத்தின் சந்தை நகரத்தின் நடைபாதையைக் காட்டிலும் குறைந்த பாதுகாப்புக்கு உரியது என்று சட்டம் இயற்றியவர்கள் கருதியிருக்க மாட்டார்கள்; அவர்களுக்கு அது ஞாபகம் வராமல் போயிருக்கும்.

பிற தேசங்கள் இதனை முன்னமே யோசித்திருக்கின்றன. பிரான்சில் 1973ஆம் ஆண்டிலேயே, வர்த்தக மந்திரி ருவாயேயின் பெயரால் வழங்கும் சட்டம், குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட கடை எதுவாயினும், உள்ளூர்ப் பிரதிநிதிகளும் வணிகர்களும் நுகர்வோரும் அமர்ந்த குழுவின் சம்மதம் பெற்றே எழவேண்டும் என்று விதித்தது. அந்த வரம்பையும் பெரிய ஊர்களுக்கு 1,500 சதுர மீட்டராகவும், நாற்பதாயிரத்துக்குக் குறைந்த ஜனத்தொகையுள்ள ஊர்களுக்கு 1,000 சதுர மீட்டராகவும் பிரித்து வைத்தது. ஊர் சிறுத்தால் கடையும் சிறுக்கவேண்டும் என்பதே அதன் தாத்பரியம். இங்கிலாந்தில், நார்ஃபோக் கடலோரத்திலுள்ள ஷெரிங்ஹாம் என்னும் சிறிய ஊரில், டெஸ்கோ நிறுவனம் கடை கட்ட முனைந்தபோது மூண்ட தகராறு 1996இல் ஆரம்பித்து 2010 வரை நீடித்தது. கடைசியில் அனுமதி கிடைத்து, 2013இல் கடையும் திறக்கப்பட்டுவிட்டது. எதிர்த்தவர்கள் தோற்ற கதைதான்; எனினும் இத்தனை ஆண்டுகள் ஓர் ஊர் தன் அபிப்பிராயத்தைச் சொல்லவும், அதிகாரிகள் அதைக் கேட்டுத் தீரவும் அங்கே வழியிருந்தது. எங்கள் ஊரிலோ இவ்விஷயம் ஒரு கிராம சபையின் பொருள்நிரலிலும் இதுவரை இடம்பெறவில்லை.

ஆகவே தங்களிடம் நாங்கள் வேண்டுவது இதுதான். வருகிற கிராம சபையில் இவ்விண்ணப்பத்தை வைத்து, அங்கே நிறைவேறும் தீர்மானத்தைக் காணாமல் கோப்பில் கையொப்பம் இடவேண்டாம். அதற்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, பரிவாரமும் முன்னறிவிப்பும் இல்லாமல், தாங்கள் ஒரு முறை திடலுக்கு எழுந்தருளவேண்டும். 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்து, தரகர் தலையீடு இல்லாமல் விளைவித்தவரே விற்க இடம் அமைத்துக்கொடுத்த அரசாங்கம் நம்முடையது. கூரையும் தளமும் குடிநீரும் அமைத்துக்கொடுக்க அதற்குத் தெரியாததல்ல. பேரங்காடி வைக்கத்தான் வேண்டுமென்றால், நெடுஞ்சாலை ஓரத்தில் தனியார் மனை எத்தனையோ கிடக்கிறது. மற்ற வியாபாரிகளைப்போல் அவர்களும் விலை கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். அதற்கு நாங்கள் குறுக்கே நிற்கப்போவதில்லை. சந்தைத் திடலைக் குத்தகைக்கு விடும் பிரேரணையை மட்டும் தாங்கள் நிராகரிக்கவேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் விசுவாசமுள்ள,
ஊர்ப் பொதுமக்களுள் ஒருவன்