முதலில் சொல்ல வேண்டியது

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மலைமேல் சீனிவாசப் பெருமாளைச் சேவிக்க வரும் கூட்டத்தால் திணறும். மற்ற நாட்களில் தெருவுக்குள் ஒரு ஜீப் நுழைந்தாலே யார் வீட்டுக்கு என்று நாலு தலை எட்டிப் பார்க்கும். இப்படிப்பட்ட ஊர்களில்தான் சமூகப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள்.

ராஜபாளையம் பக்கம் மில் வேலைக்குப் போய்வரும் 17 வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, "அக்கா, யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்கிறாள். வந்தவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்ல மாட்டேம்மா" என்கிறார். அதற்குப் பிறகுதான், நாள் தள்ளிப்போயிருப்பதை அவள் சொல்கிறாள்.

அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. 18 நிறையாதவளின் சம்மதம் சட்டத்தின் கணக்கில் வராது. பழகியவன் 19 வயதுப் பையனாக இருந்தாலும் வழக்கு வழக்குதான். சொன்னால் பெண்ணுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் குற்றம் என்று அந்தப் பணியாளர் ராத்திரித் தூக்கம் கெட்டுத் தவிக்கிறார்.

பரிவில் கொடுத்த வாக்குதான். ஆனாலும் கொடுத்தது தவறு என்பதே நம் கருத்து. அதை நம்பித்தான் அவள் வாயைத் திறந்தாள். "சில விஷயங்களை நான் போலீஸ்ல சொல்லியாகணும்மா. எதை, யாருகிட்டன்னு முதல்லயே சொல்லிடுறேன்" என்று தொடங்குவதே நேர்மை. அப்படிச் சொன்னால் பெண் பேசவே மாட்டாளே என்பார்கள். நியாயமான பயம். பயந்துபோய்க் கண்ட இடத்தில் கருவைக் கலைக்கத் துணிந்தால் உயிருக்கே ஆபத்து. இதை உணர்ந்துதான் உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று, கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவள் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்றது. சமூகப் பணியாளருக்கு அந்த விலக்கு இல்லை. அரசு அதை அவர்களுக்கும் தர வேண்டும்.

சட்டப்படி சொல்ல வேண்டிய இடம் ஒன்றுதான். விஷயம் கசியும் இடங்களோ நூறு. வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. அவ்வளவு கவனம் எடுத்துக்கொண்ட பிறகு, போய்வந்ததற்குச் சான்றாக வீட்டு வாசலில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னால் என்ன மிச்சம்? எந்த அலுவலகம் கேட்டாலும் பணியாளர் மறுக்க வேண்டும். மறுத்தவர் மீது நடவடிக்கை பாயாது என்று மாவட்ட நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும்.

பத்திரிகைகளான எங்களுக்கும் இதில் பங்குண்டு. விருதுநகர் மாவட்டத்துப் போக்சோ வழக்குகள் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு வரும்போது, பெயரை மட்டும் விட்டுவிட்டு ஊர், தெரு, அப்பாவின் தொழில் எல்லாம் அச்சாகின்றன. போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுப்பது பெயரை மட்டுமல்ல. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, குடியிருக்கும் பகுதி எல்லாவற்றையும்தான்.