கமரா பொய் சொல்லாதா? உள்ளரங்க விளையாட்டுப் புகைப்படம் பற்றி ஒரு மறுப்புரை

"நடந்ததைத்தான் எடுத்தேன்" என்பது விளையாட்டுப் புகைப்படக்காரர் காலங்காலமாகத் தம் முன்னே பிடித்துவரும் கேடயம். கமரா ஓர் இயந்திரம். இயந்திரத்துக்கு விருப்பு வெறுப்பு இல்லை. ஆகவே அது தரும் படமும் நடுநிலையானது என்பது அவரது வாதம். பத்திரிகை ஆசிரியர்களும் வாசகருட் பெரும்பாலானோரும் இவ்வாதத்தை ஆராயாமலே ஏற்றுக்கொண்டுள்ளனர். ஆயின் உள்ளரங்கிலே படம் எவ்வாறு பிறக்கிறது என்பதை நுணுகி நோக்கும் எவருக்கும் இதன் பொய்ம்மை புலனாகாமற் போகாது.

முதலில் ஒளியை எடுத்துக்கொள்வோம். திறந்த மைதானத்திலே ஞாயிறு வாரி வழங்கும் ஒளியில் ஒரு சிறு பங்கையே உள்ளரங்க விளக்குகள் தருகின்றன. பாய்ந்து செல்லும் ஆட்டக்காரரின் உருவம் கலையாமற் பதிய வேண்டுமாயின், கமராவின் கதவு 1/500 செக்கன், சிலவேளை அதிலும் பாதி நேரமே திறந்திருக்கலாம். அக்குறுகிய கணத்திற் போதிய ஒளி புகுவதற்கு வில்லையின் துவாரத்தை அகலத் திறத்தல் வேண்டும். திறந்தாலோ, தெளிவு விழும் ஆழம் சுருங்கிவிடுகிறது: ஒருவர் முகம் துலங்க, இரண்டடி பின்னால் நிற்பவர் மங்கிப்போகிறார். மின்னல் விளக்கை நாடலாமெனில், ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் அதற்குத் தடையுண்டு. தரையிலிருந்து 125 சென்ரிமீற்றர் உயரத்தில், 10 சென்ரிமீற்றர் அகலமேயுள்ள கட்டையின்மேற் சுழலும் ஒருத்தியின் கண்ணிலே ஒளியைப் பாய்ச்சுதல் அவளது உயிருடன் விளையாடுவதாகும்.

இவற்றால் பெறப்படுவது யாது? எக்கணத்தை எடுப்பது, எவரைத் துலக்குவது, எவரை மங்க விடுவது, எக்கோணத்தில் நிற்பது என்பனவற்றை இயந்திரம் தீர்மானிப்பதில்லை, மனிதன் தீர்மானிக்கிறான். தெரிவு உள்ள இடத்திலே பொறுப்பும் உண்டு.

புகழ்பெற்ற படமொன்றையே சான்றாகக் கொள்வோம். 1965 மே 25 ஆம் நாள் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து லூயிஸ்ரன் நகரில், ஓர் உள்ளரங்கிலே முகம்மது அலியும் சொனி லிஸ்ரனும் மோதினர். முதற் சுற்றிலேயே லிஸ்ரன் வீழ்ந்தார். வீழ்ந்தவர்முன் கையை மடக்கி நின்று முழங்கும் அலியை, அப்போது 22 வயதினரான நீல் லைபர் வண்ணத்திற் பதிவுசெய்தார். அலியின் கால்களுக்கிடையே, எதிர்ப்புறத்தில் அமர்ந்திருக்கும் மற்றொரு புகைப்படக்காரரையும் அப்படத்திற் காணலாம். அவர் லைபரின் சஞ்சிகையையே சேர்ந்த ஹேர்ப் ஷார்ப்மன். அவர் கண்முன் இருந்ததோ அலியின் முதுகு. நிகழ்ச்சி ஒன்று, இருக்கைகள் இரண்டு, உண்மைகளும் இரண்டு. அன்றியும், லிஸ்ரனை வீழ்த்திய அடி மெய்யாகவே விழுந்ததா என்ற ஐயம் அன்றே எழுந்து இன்றுவரை ஓயவில்லை. படமோ அந்த அடியைக் காட்டவில்லை; அதற்குப் பிந்திய ஆர்ப்பரிப்பையே காட்டுகிறது. எனினும் உலகம் அதனையே அப்போட்டியின் முழு உண்மையாக நெஞ்சிற் பதித்துக்கொண்டது. அப்படத்தின் கலைச்சிறப்பை நாம் மறுக்கவில்லை. அது நடுநிலைப் பதிவு என்ற கூற்றையே மறுக்கிறோம்.

வெற்றியாளனின் ஆர்ப்பரிப்பைத் தெரிந்தெடுப்பதால் வரும் தீங்கு சிறிது. ஆட்டத்தை விட்டு ஆட்டக்காரியின் உடலைத் தெரிந்தெடுப்பதால் வரும் தீங்கோ பெரிது. 2021 ஏப்ரலில், பாசல் நகரில் நடைபெற்ற ஐரோப்பியப் போட்டியில் ஜேர்மனிய வீராங்கனை சாரா வொஸ் கணுக்கால்வரை மூடிய உடையணிந்து களமிறங்கினார். அவ்வாண்டு யூலையில், ரோக்கியோ ஒலிம்பிக்கிலே ஜேர்மனிய மகளிர் அணி முழுவதும் அவ்வாறே தோன்றியது. விளையாட்டு வீராங்கனையரைப் பாலியற் பொருளாக நோக்கும் போக்குக்கு எதிரான குரல் அது. அவர்கள் எவர்க்கு அஞ்சி உடையை மாற்றினர்? நடுவர்க்கு அன்று, வில்லைக்கே. 2024 இல், பாரிஸ் ஒலிம்பிக்கின்போது, ஒலிம்பிக் ஒளிபரப்பு நிறுவனத்தின் தலைவர் யான்னிஸ் எக்ஸார்கோஸ், ஆண்களையும் பெண்களையும் சில கமராக்காரர் வெவ்வேறு விதமாகச் சட்டமிடுவதை ஒப்புக்கொண்டு அதனைத் திருத்துமாறு பணித்தார். தொழிலின் தலைமையே ஒப்புக்கொண்ட பின்னரும் "நடந்ததைத்தான் எடுத்தேன்" என்பார்க்கு என்ன விடை உண்டு?

நம்மவரிடையேயும் சான்று உண்டு. யாழ்ப்பாணத்து மண்ணின் மகள் தர்ஜினி சிவலிங்கம், 2019 இல் லிவர்பூல் உள்ளரங்கில் நடைபெற்ற உலகக்கிண்ண வலைப்பந்தாட்டத் தொடரிலே 348 கோல்களைப் போட்டு, அத்தொடரின் அதிகூடிய கோல்களுக்கு உரியவரானார். ஆயினும் அவரைப் பற்றிய செய்திகளில் முன்னே நிற்பது அவரது உயரமே. உயரம் பிறப்பால் வந்தது. குறி பயிற்சியால் வந்தது. பந்து விரல் நுனியை விட்டகலும் அந்தக் கணத்தை எடுப்பவர் உழைப்பை எடுக்கிறார். குள்ளமானவர் ஒருவரை அருகே நிறுத்தி எடுப்பவர் வேடிக்கையை எடுக்கிறார்.

இங்கே இரு மறுப்புக்கள் எழும். கலைஞனின் சுதந்திரத்துக்கு விலங்கிடுகிறீர் என்பது ஒன்று. சுதந்திரம் என்பது பொறுப்பிலிருந்து விடுதலை அன்று. தன் தெரிவைத் தன் தெரிவென ஒப்புக்கொள்ளாது இயந்திரத்தின்மேற் சுமத்துபவன் கலைஞன் என்னும் பெயருக்கே உரியவனல்லன். மற்றையது இதனினும் கொடியது: "அப்படியாயின் பெண்பிள்ளைகள் அரங்குக்கு வராதிருப்பதே நன்று" என்னும் பழைமைவாதியின் குரல். குற்றம் செய்த கண்ணை விடுத்துப் பார்க்கப்பட்டவளைத் தண்டிக்கும் இந்நீதியை நாம் முற்றாக நிராகரித்தல் வேண்டும். மாற வேண்டியது அவள் உடையன்று, அவள் ஆட்டமுமன்று. கமரா நிற்கும் கோணமும், படத்தைத் தெரிந்தெடுக்கும் ஆசிரியர் மேசையுமே.

இன்று பல்கலைக்கழக உள்ளரங்குகளில் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கமராவோடு கூடிய தொலைபேசி இருக்கிறது. இப்பொறுப்பு இனித் தொழில்முறைக் கலைஞர்க்கு மட்டும் உரியதன்று. படமெடுக்குமுன் ஒரு வினாவை நம்முள் எழுப்புவோம்: இப்படத்தைக் காணும் ஆட்டக்காரி, "இது என் ஆட்டம்" என்று கூறுவாளா? "ஆம்" எனத் துணிந்து கூறவியலாத படத்தை எடுக்காதிருப்போம். பிறர் எடுத்ததைப் பரப்பாதிருப்போம்.